சாமி அலமாரியில் ஒரு ஜெர்மன் காசு

புதன், நவம்பர் 13

எங்கள் நஜ்மா பேட்டை முழுக்கப் பாலைவனப் புழுதிக் காற்று. சட்டைக் காலர் காபி நிறம்.

சனிக்கிழமை நாணயக் கண்காட்சி. முதல் முறையாக எனக்கும் ஒரு மேசை. வைக்கப்போவது ஒரே காசு. முப்பதாண்டுப் போரில் முற்றுகைக்குள் மாட்டிய ஜெர்மன் நகரம், சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் வெள்ளிச் சாமான்களை வெட்டிக் காசு அடித்தது. வட்டமாக்க நேரமில்லை, சதுரம். ஒரு பக்கம்தான் முத்திரை. மனைவி மைதிலிக்கு அது 'தகடு'. கல்யாண நாளுக்கு வளையல் வாங்காமல் இதை வாங்கிய கோபம்.

நாணயக் குழுத் தலைவர் இப்ராஹிம் பாய் போன். தலைக்குப் புதுச் சாயம் போலும், குரலே கறுப்பு. விதியை நினைவூட்டினார்: தேய்த்து விளக்கிய காசுக்கு மேசை கிடையாது. பழைய கருமைதான் அழகு. எனக்கா சொல்கிறார்!

நல்லபடி நடக்கட்டுமென்று காசைச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்தேன்.

வியாழன், 14

காற்று அடங்கியது. நான் அடங்கவில்லை.

வாராவாரம் பூஜை வெள்ளி விளக்குவது என் டியூட்டி. விபூதி, பழைய பனியன் துணி. காதில் போன்: மங்காஃபில் இருக்கும் மச்சான், யார் பெண் யாரைக் காதலிக்கிறாள் என்ற முக்கியத் தகவல். விளக்கு, சிமிழ், பஞ்சபாத்திரம், காசு.

காசு.

பளபள. என் வழுக்கை தெரிகிறது அதில்.

சாப்பாடு மாஃபி, ஒரு வாய்கூட இல்லை. திட்டுவாள் என்று பார்த்தால், மைதிலி பக்கத்தில் உட்கார்ந்து காசைப் புரட்டினாள். பின்பக்க ஓரத்தில் தேய்ந்த கொடி, இரண்டு இலை. இத்தனை நாள் கருமைக்கு அடியில்.

"என்னங்க, இது தட்டு விளிம்பு. யாரோ சாப்பிட்ட தட்டு."

வெள்ளி, 15

கறுப்பு ஷூ பாலிஷ் போட்டு மறைக்கலாமா என்று யோசனை. மைதிலி முறைத்தாள். கலாஸ், யோசனை அதோடு முடிந்தது.

சனி, 16

பாய் காசைப் பார்த்ததும் முகம் விழுந்தது. "என்ன காரியம் பண்ணிட்டீங்க சார்." மேசையை வேறொருவருக்குக் கொடுக்கத் திரும்பினார். மைதிலிதான் காசைப் புரட்டி அவர் முன் வைத்து, கொடியைக் காட்டினாள். பாய் லென்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விளக்கினதுன்னு சீட்டுல எழுதிடணும். ஆனா தட்டோட கொடி தெரியுற காசு அபூர்வம், மேசை உங்களுக்குத்தான். இந்தப் பக்கம் மேல இருக்கட்டும்."

மாலை வரை கூட்டம். நான் போர், முற்றுகை என்று ஆரம்பித்தால் ஜனம் மைதிலி பக்கம் நகர்கிறது. அவள் கொடியை விரலால் தொடர்ந்து, முழுத் தட்டு எவ்வளவு பெரிதென்று காற்றில் வரைகிறாள். எனக்கு மார்பு விம்மி, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. (தொப்பை என்பாள்.) ஓர் அம்மா கேட்டார், யாருடைய கலெக்‌ஷன் என்று. நான் தொண்டையைச் செருமினேன்.

"எங்களோடதுங்க," என்றாள் மைதிலி.