மருந்து வாசம்

மும்பை, 14.9.2007

அன்புள்ள அம்மாவுக்குப் புகழேந்தி வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனி வேன் சீக்கிரமே வந்துவிடுமே, சாப்பிட்டுவிட்டுத்தானே ஏறுகிறீர்கள்?

என் மூக்கடைப்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சளி வருஷக்கணக்கில் தங்கிப் புண்ணாகி, கன்னத்துக்குள் எலும்பு தடித்திருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் தமிழர்தான். "முன்னாடி மருந்து ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"ஆறு வருசம் மருந்துலதான் சார் கெடந்தேன்."

"அவ்வளவு சாப்பிட்டுமா குணமாகல?"

நம் பக்கம் பட்டாசுக்குள் அடைப்பதைத்தான் மருந்து என்போம் என்றதும் சிரித்துவிட்டார். இந்த மாதம் நான் தமிழ் பேசியது அவரிடம் மட்டும்தான்.

மாத்திரை தந்திருக்கிறார். வாசம்தான் எதுவும் தெரியவில்லை.

போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றைப் பார்சலில் அனுப்புங்கள். கம்பெனிக்குக் கட்டிப்போனதாக இருக்கட்டும், துவைக்க வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பீகார்க்காரனை மோந்து பார்க்கச் சொல்வேன். அது என்ன வாசம் என்று அவனுக்குத் தெரியாது. இருக்கிறது என்று சொன்னால் போதும்.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்
புகழேந்தி