வடலூர்ப் பானை

உங்களுக்கு,

பக்கத்து வீட்டு செங்கம்மா அக்காவை இனி ஒரு வார்த்தை சொல்லாதீங்க. வடலூர்ப் பானையில இருந்த அரிசியை எடுத்தது நான்தான். நேத்து நீங்க அவங்களைத் திருடின்னு சத்தம் போட்டப்பவே சொல்லியிருக்கணும்.

சண்டை முடிஞ்சு ஊருக்குக் கப்பல் விட்டதும் தைப்பூசத்துக்கு வடலூர் போயி, வள்ளலாரோட அணையா அடுப்புக்குக் குடுக்கணும்னு ஒண்ணரை வருஷமா தினம் ஒரு பிடி போட்டு வச்சோம். கப்பல் எங்க வருது? இங்க நம்ம ஸ்டேஷன்ல, சியாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்ச தோட்டத்து ஆளுங்களை முந்தாநாள்லேருந்து கூட்ஸ் வண்டியில அடைச்சு வச்சிருக்கான் ஜப்பான்காரன். பசிச்சவனுக்குச் சோறு போடுன்னுதானே ஐயா சொன்னாரு? கடல் தாண்டி வந்து போடுன்னா சொன்னாரு?

காவல் நிக்கிறவன் கண்ணுல படாம கஞ்சி கொண்டு போறேன். இது மூணாவது நடை. என்னைத் தேடிக்கிட்டு அங்க வந்துடாதீங்க, உங்களையும் பிடிச்சு ஏத்திடுவான்.

மரவள்ளிக்கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாப்பிடுங்க. கோபத்தை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.

ராசாம்பாள்

செங்கம்மா அக்காகிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க.

பானையில இன்னும் ஒரு உலைக்கு அரிசி இருக்கு. நான் வரலைன்னாலும் அடுப்பை அணைச்சிடாதீங்க.