வியாழக்கிழமைச் சீட்டுகள்

அக்கா, அன்று தாகேதா வட்டார அலுவலகத்தின் மரப் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "மீனாவை உங்கள் குடும்பப் பட்டியலுக்கு மாற்றிவிடாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். மறுவாரம் விமானம். ஒரு வருடத்துக்கு என் மகளை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் தம்பி நேற்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் தனக்கா மரப்பட்டை வாசனை. நீங்கள் தினமும் காலையில் கல்லில் இழைத்து மீனாவின் கன்னத்தில் பூசியது. உள்ளே விருந்தாளிச் சீட்டுகள், கட்டுக் கட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு.

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டு எனக்கு இடம் கொடுத்திருந்தது. ஒரு வருட முதுகலை. பாடம், அந்த நாட்டின் சமூகநலக் கொள்கை. கடிதம் வந்த நாளில், நாம் வேலை பார்த்த அலோன் ஆபீஸில் உங்கள் மேசைக்குத்தான் முதலில் ஓடிவந்தேன். விசா விதியைப் படித்தது அதற்குப் பிறகு. ஆராய்ச்சி மாணவர்களும் அரசாங்க உதவித்தொகையில் போகிறவர்களும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். என்னைப் போல வகுப்பில் உட்கார்ந்து படிக்கப் போகிறவர்களால் முடியாது. எனக்கோ மீனாவைத் தவிர வீட்டில் வேறு யாருமில்லை. அவளுக்கு ஆறு வயது.

"வேணாம்னு எழுதிடுறேன்க்கா" என்றேன்.

"எழுதுவே, எழுதுவே. அப்புறம் முப்பது வருஷம் என் எதிர்ல உக்காந்து மூக்கச் சிந்துவே. என்னால பாக்க முடியாது. புள்ளைய என்கிட்ட விட்டுட்டு போ."

நம் பர்மாவில் ஒரு பிள்ளையை விட்டுப்போவது அவ்வளவு எளிதா? குடும்பப் பட்டியலில் பெயர் இல்லாத வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் விருந்தாளியாகப் பதிய வேண்டும். உங்கள் வட்டாரத்தில் வாராவாரம் வியாழக்கிழமை சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அன்று எழுத்தர் உங்களை அக்கா என்று அழைத்துப் பர்மியில் சொன்னார்: "அமாஜி, ஒரு வருஷம் வாராவாரம் நடப்பீங்களா? பிள்ளையை உங்க பட்டியல்லயே சேர்த்துடுங்க. ஒரே நாள் வேலை. ஸ்கூலுக்கும் லேசு."

நீங்கள் என்னைப் பார்க்காமல், "யோசிக்கிறேன்" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லோடுதான் விமானம் ஏறினேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. மீனாவுக்கு உங்கள் மடி பிடிக்கும். என் பட்டியலில் நான் மட்டும் மிஞ்சி, அவள் பெயர் உங்கள் பெயருக்குக் கீழே போய்விட்டால்? இப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனாலும் நினைத்தேன்.

அங்கே என் அறை ஜன்னலுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம் என்று வகுப்பில் படித்தேன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் தட்டு வைக்கும் ஏற்பாடு. படிக்கும்போது உண்மையாகவே மனம் நெகிழ்ந்தது. என் விசாவிலோ, பொதுப்பணத்தில் எந்த உதவியும் கோரக்கூடாது என்று ஒரு வரி. இரண்டையும் எழுதியது ஒரே அரசாங்கம். தொலைபேசியில் உங்களிடம் சொன்னேன்.

"சோறு போட மனசிருக்கு, கதவத் தொறக்க மனசில்லையாக்கும்! சரி விடு. இங்க உன் மவ ரெண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டுட்டு மூணாவது கேக்குறா. அவங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னு தெரிஞ்சுதான் வரவேணாம்னுட்டாங்க."

சிரித்தேன். பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்க நினைத்து, மீனாவின் பல் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். விசா விதிகளில் 'சார்ந்திருப்போர்' என்று ஒரு பிரிவு உண்டு. பிள்ளைகளைத்தான் சொல்கிறார்கள். அந்த வருடம் யார் யாரைச் சார்ந்திருந்தோம் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுக் கட்டுரையில் அதை எழுத இடமிருக்கவில்லை.

திரும்பி வந்த அன்று உங்கள் வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் அந்த வாரச் சீட்டு தொங்கியது. மீனாவின் பெயர். 'விருந்தாளி' என்ற கட்டத்தில். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாத்தலையாக்கா?"

"எதுக்கு மாத்தணும்? அவ உன் புள்ள. என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கா." பிறகு, என் கண்ணைப் பார்த்துவிட்டு அவசரமாக, "வீட்டுப் புள்ளையாக்கினா வேல வாங்கணும். விருந்தாளின்னா கொஞ்சிட்டுப் போயிடலாம். அதோட வியாழக்கிழம அந்த ஆபீஸ்காரன் இவளுக்கு முறுக்கு வேற குடுப்பான். விடுவாளா?"

மழைக்காலத்தில் வட்டார அலுவலகத்துக்குப் போகும் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். டின்னில் சில சீட்டுகளின் மை கரைந்திருக்கிறது. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. நான் சொல்லாததை நீங்கள் அந்தப் பெஞ்சிலேயே கேட்டுவிட்டிருக்கிறீர்கள். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நன்றி என்றும் நான் உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் திட்டுவீர்கள் என்று பயம்.

இப்போது ஒரு சிறிய அமைப்பில், வெளிநாடு போகும் தாய்மார்களின் விண்ணப்பங்களைப் பார்த்துத் தருகிறேன். விதிகளைச் சொல்லி முடித்ததும், "பிள்ளை யாரிடம் இருக்கும்?" என்று கேட்கிறேன். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லை.

நான் திரும்பி வந்த அடுத்த வருடம் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோது, மீனாவையும் அழைத்துக்கொண்டு தாகேதாவுக்கு வந்தேன். இந்த முறை இரண்டு விருந்தாளிகள். அதே எழுத்தர், அதே முத்திரை. வாராவாரம் நான் நடந்தேன்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை இறந்தீர்கள். எங்கள் சீட்டு வியாழன் வரை இருந்தது. வியாழன் வரை உங்கள் வீட்டில் தங்கினோம்.