நாலாவது சுற்று

பிப்ரவரி 9, திங்கள்

சுண்டெலி அம்மாவுக்கு,

நலம். நீயும் நம் மகள் சுண்டெலியும் நலமா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. போன் வேண்டாம், குரலில் பொய் சொல்வது உங்களுக்குச் சுலபம், எழுதுங்கள், எழுதும்போதாவது கை யோசிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாய். பத்து மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறது என் கை.

உன் அண்ணன் வந்து படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உனக்கு வேறு ஊருக்கு மாற்றல், ஏப்ரலில் சுண்டெலியையும் கூட்டிப் போகிறாய், பள்ளியில் அவள் சான்றிதழ் வாங்க அப்பா கையெழுத்து வேண்டும். படிவம் டிவி மேல் இருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாதென்றே டிவி போடுவதில்லை.

மார்ச் எட்டாம் தேதி இங்கே டிரையத்லான் போட்டி நடக்கிறது. ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், ஏறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பேர் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே. இவருக்கு நீச்சல் எப்போது வந்தது என்றுதானே நினைக்கிறாய்? வேலை போனதை உன்னிடம் மறைத்து, நீ கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு தினமும் கிளம்பினேனே, அந்த ஐந்து மாதமும் நான் போய் உட்கார்ந்த இடம் பொது நீச்சல் குளத்தின் படிக்கட்டு. டிக்கெட் கொடுக்கும் அம்மா ஒருநாள், "தெனமும் டிக்கெட் வாங்கிட்டு வேடிக்கை பார்த்துட்டுப் போறீங்க, எறங்குனா தண்ணி ஒண்ணும் கடிச்சிடாது" என்றார். இறங்கினேன். அந்தப் பொய்யில் மிஞ்சிய ஒரே நல்ல காரியம் அதுதான்.

நான் எதையும் முழுசாக முடித்ததில்லை என்பாய். பாத்ரூம் குழாய், சுண்டெலியின் புத்தக அலமாரி, எல்லாம் அரைகுறைதான். இதை முடிக்கிறேன். முடித்தால் மாற்றலை ஆறு மாதம் தள்ளிப்போடக் கேட்பாயா? கெஞ்சித்தான் கேட்கிறேன். சைக்கிள் பாதையை நாலு தடவை சுற்ற வேண்டும். பெட்ரோல் பங்க் வளைவில் நின்றால் என்னை நாலு தடவை பார்க்கலாம்.

சுண்டெலி அப்பா

---

பிப்ரவரி 16

சுண்டெலி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுண்டெலி நலம். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, இப்போதுதான் பெயருக்கேற்ற மாதிரி இருக்கிறாள்.

நாற்பத்து மூன்று வயதில் ஏரியில் குதிக்கப் போகிறீர்கள். ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? நான் நாளெல்லாம் லேப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள், பார்க்காமல் சொல்லவில்லை. தொப்பையோடு சேர்த்துப் பதிவு செய்துகொண்டார்களா?

எனக்கு என்ன வலித்தது என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை. குழாயும் அலமாரியும் கிடக்கட்டும். வேலை போனது யாருக்கும் நடக்கும். சுண்டெலிக்குக் காய்ச்சல் நூற்று நாலு என்று உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். "அவர் நின்னு அஞ்சு மாசம் ஆச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றேன். அன்று சாயங்காலம் காலி டிபன் பாக்ஸோடு வந்து, "இன்னைக்கு ஆபீஸ்ல செம வேலை" என்றீர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போட்டிக்கு வரமாட்டேன். முடித்துவிட்டு எழுதுங்கள், மாற்றலைப் பற்றி யோசிக்கிறேன். படிவம் மார்ச் இருபதாம் தேதிக்குள் வேண்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

சுண்டெலி அம்மா

---

மார்ச் 8, ஞாயிறு மாலை

என் சுண்டெலி அம்மாவுக்கு,

முடித்துவிட்டேன்! கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

தண்ணீரில் இறங்கிய நூறாவது அடியிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது. யாரோ உதைத்ததில் நீச்சல் கண்ணாடி கழன்றது. குளத்தில் தரை தெரியும், ஏரியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டியது. மீட்புப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். படகுக்காரர், "ஏறிடுறீங்களாண்ணே?" என்றார். ஏறினால் சுண்டெலி போய்விடுவாள் என்று நினைத்தேன். கயிற்றை விட்டேன். கரையேறியபோது என்னோடு இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேரைக் காணோம்.

சைக்கிள் துணிக்கடை வாட்ச்மேனுடையது. ஐந்து மாடிக்கும் அங்கே நான்தான் லிஃப்ட் பார்க்கிறேன் என்பதால் இரக்கப்பட்டுக் கொடுத்தார். சின்னப் போட்டி, சுற்றுக் கணக்கை அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் நாலு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தேன். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொள்வது. முதல் சுற்று எப்படிப் போனதென்றே தெரியாது. மூன்றாவதில் தொடை இழுத்துப் பிடித்தது. நாலாவது சுற்றில் எதிர்க்காற்று வேறு, பெட்ரோல் பங்க் வளைவில் சைக்கிளே நின்றுவிடும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத் தேடினேன். வரமாட்டேன் என்றுதானே சொன்னாய், தப்பு என்னுடையதுதான்.

ஓட்டம் என்று சொல்லக் கூடாது, பாதி நடைதான். ஆனால் கோட்டைத் தாண்டினேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்! மெடல் போட்டார்கள். அதைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

ஆறு மாதம் கேட்டுப் பார். தயவுசெய்து.

உன்,
சுண்டெலி அப்பா

---

மார்ச் 11, புதன்

சுண்டெலி அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். நாலாவது சுற்று நான் போகவே இல்லை.

இரண்டாவது சுற்று முடிந்து ரப்பர் பேண்டைக் கழற்றியபோது ஈரக் கையில் இரண்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்து வந்திருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. மூன்றாவது முடிந்ததும் கைப்பிடியில் ஒன்றும் இல்லை, சைக்கிளைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். இதுவரை நடந்தது தவறு மட்டும்தான்.

ஷூ மாட்டக் குனிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டு ஐம்பது. என் வேகத்துக்கு நாலு சுற்று அதற்குள் முடியவே முடியாது. மணிக்கட்டைப் பார்த்தேன், இரண்டு பேண்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குச் சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். திரும்பிப் போனால் பாதியில் நிறுத்திவிடுவார்கள், மெடலும் இல்லை, நீயும் இல்லை. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். பிறகு ஷூவைக் கட்டிக்கொண்டு ஓடினேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இதோ ரெண்டே நிமிஷம் என்று சொல்லிச் சொல்லியே வாய் பழகியவன் நான்.

எனக்குப் பின்னால் மூன்று பேர் என்று பெருமையடித்தேனே, அந்த மூன்று பேரும் நாலு சுற்று போனவர்கள். என்னோடு மெடல் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்த பெண் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவர், முழங்காலில் கட்டு. "மெடல் முடிஞ்சிருச்சும்மா, மன்னிச்சுக்கோங்க" என்று கையைக் குலுக்கி அனுப்பினார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் கழுத்தைப் பார்த்து, "நல்லா இருக்குண்ணே" என்றார். மூன்று நாளாக அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பிட முடியவில்லை.

இன்று போட்டி நடத்தியவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பட்டியலில் என் பேரை அடித்தார்கள். மெடலைப் பேக்கரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். அதற்குத்தான் அழுகை வந்துவிட்டது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போட்டியை வைத்து உன்னிடம் பேரம் பேசினேன், இனி பேசமாட்டேன். சுண்டெலியை மட்டும் எப்போதாவது பார்க்க விடு. அவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை. சொல்லிவிடு.

சுண்டெலி அப்பா

---

மார்ச் 17

சுண்டெலி அப்பாவுக்கு,

அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வந்திருந்தோம்.

வரமாட்டேன் என்று எழுதியது நிஜம்தான். சனிக்கிழமை முழுக்க உங்கள் மகள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மிஷினுக்குப் பின்னால் நின்றோம். நீங்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டேன். விரல் விட்டு எண்ணினாள். மூன்று தடவை வந்தீர்கள். நாலாவது தடவை வரவில்லை. ஒன்பது மணிக்கு லாரிகளை விட்டுவிட்டார்கள். "அப்பா விழுந்துட்டாரும்மா, வாம்மா" என்று அவள் கத்த ஆரம்பித்தாள். அவளை இழுத்துக்கொண்டு சாலையோரம் முழுக்க, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் ஏரிக்கரையில் நீங்கள் ஓடுவதைப் பார்த்தோம். உயிரோடு இருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போதுதான்.

நாலாவது சுற்றில் எதிர்க்காற்று என்ற உங்கள் கடிதம் வந்தபோது அதைக் கிழிக்கவில்லை. மடித்து வைத்தேன். வக்கீலைப் பார்க்கத் தேதி வாங்கினேன். சுண்டெலியிடம், அப்பா முடிச்சிட்டாராம் என்று மட்டும் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. அதை மூன்று தடவை படித்தேன், அவளிடமும் படிக்கக் கொடுத்தேன்.

போன தடவை ஐந்து மாதம் ஆயிற்று, அதுவும் நானாகக் கண்டுபிடித்தது. இந்தத் தடவை மூன்று நாள், நீங்களாகச் சொன்னது. அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் சொல்ல முடியும்.

படிவத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டேன். நாங்கள் போகிறோம், அதில் மாற்றமில்லை. வக்கீலிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புது வீட்டு முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. வருவதானால் எழுதிவிட்டு வாருங்கள். அங்கேயும் குழாய் ஒழுகுகிறது.

சுண்டெலி தன் தலைமுடி பேண்ட் நாலை இதில் வைக்கச் சொன்னாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்பதால் ரெண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் அப்பாவுக்கு உடனே தெரிந்துவிடுமாம்.

சுண்டெலி அம்மா