எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை

போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். லேப்பில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், பிறகு கணவர் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஸ்பிரிட் பஞ்சின் ஈரம் கையில் பட்டதும் உன் நினைப்பு வந்து அங்கேயே அழுதுவிட்டேன். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நீ இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

சங்கரன்கோவிலில் நாம் இரண்டு பெண்களும் சேர்ந்து வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது நம் லேப். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருவார்கள். ஊரில் மேகவியாதி என்று சொல்லும் சிபிலிஸ் இருக்கிறதா என்று அவர்கள் ரத்தத்தைப் பார்ப்போம். பெயர் எழுதிக் குழாயில் ஒட்டுவது என் வேலை. கண்ணாடித் தகட்டில் மருந்துச் சொட்டு விட்டு, நான்கு நிமிஷம் சுழற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது உன் வேலை. துகள்கள் திரண்டிருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். "இப்பவே ஊசி போட்டா பிள்ளை பொழச்சிரும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய்.

நம் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அன்றைக்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தே இரண்டு கோமதி வந்தார்கள். கணவர் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்கிற பெண் அப்போது ஏது? முதல் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு, "கோயில் சாமி பேருதான்" என்றாள். சங்கரநாராயணன் என்று எழுதினேன். இரண்டாமவளும் அதையே சொன்னாள். நம் கோயிலில் சங்கரநாராயணர், சங்கரலிங்கம் என்று இரண்டு சாமி; அப்படியானால் இவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் என்று நானே முடிவுகட்டி எழுதினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவது ரத்தத்தில் நோய் இருந்தது. சோதனை முடிவுச் சீட்டு வாங்க வந்தவர்கள் கணவன்மார்கள். அவர்களுக்குத் தங்கள் பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? சங்கரலிங்கம் என்று சொன்னவர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். அவர் முதல் கோமதியின் புருஷன்.

டாக்டரம்மா அவரையும் சோதிக்கச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. அதுதான் அந்தப் பெண்ணுக்கு எமனாக வந்தது. "எம் மவனுக்கு ஒண்ணுமில்லன்னு சீட்டு இருக்கு. இவ எங்கன போயி வாங்கிட்டு வந்தா?" என்று மாமியார் கேட்டாள். ஆறு மாத வயிற்றோடு அவளைச் சிவகிரியில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

உனக்கு மட்டும் அது உறுத்தியது. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாய். அந்த இரண்டு வரியில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"ஏட்டி, எந்தச் சாமின்னு கேட்டியா?"

நான் குழாய்களைக் கழுவத் திரும்பினேன். நீ மறுபடி கேட்கவில்லை. அன்றே இரண்டாவது கோமதியை வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தாய். அவளுக்கும் அவள் கணவருக்கும் பென்சிலின் போட்டார்கள். அவள் பிள்ளை பிழைத்தது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சிவகிரிக்கு பஸ் ஏறினாய்.

வாசலில் நின்றபடியே, "உனக்கு ஒண்ணுமில்லம்மா. பேரை நாந்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றாய். கோமதி உன்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. தெருவே கூடிவிட்டது. நீ கைகூப்பி நின்றாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு ஒன்றும் இல்லை. பேரை மாற்றி எழுதியது நீ என்றே டாக்டரம்மாவிடமும் சொன்னாய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று உன்னை அனுப்பினார்கள். உன் மைக்ராஸ்கோப் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு ராஜபாளையத்தில் ஒரு லேப்புக்கு பஸ்ஸில் போய்வந்தாய். கோயில் வாசலில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினாய், ஒருநாளும் இதைப் பற்றிப் பேசவில்லை.

உன் சாவு வீட்டில் யாரோ, "நல்ல வேலைக்காரி, அந்த ஒரு தப்புதான்" என்று சொன்னார்கள். அதைக் கேட்டும் காப்பியைக் குடித்து முடித்தேன். வெட்கமாக இருந்தது. பதினாறு கழிந்ததும் கரிவலத்துக்குப் போனேன்.

சங்கரலிங்கம் அப்போதே கோமதியைத் திரும்பக் கூட்டிவந்திருந்தார். ஆனால் மாமியார் சாகிறவரை அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். கோமதிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை எழுதியது நான் என்றும், நீ இறந்துவிட்டாய் என்றும் சொன்னேன். என்னையும் அப்படி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் தேவலை என்றும் இருந்தது.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நான் அந்தம்மாவ அந்த ஏச்சு ஏசும்போது, நீங்க பின்னாலதான நின்னிய?" என்றாள்.