ஆரஞ்சுத் தோல் வாசம்

வியாழக்கிழமை, இரவு.

பாயான் பாரு சந்தையில் ஏதோ ஒரு புதுக் கம்பெனியின் மீன்கறி மசாலா வாங்கி வந்தேன். ஆக்கிப் பார்த்த என் மனைவி பரிதா, "நம்ம தூளத்தான் வேற பாக்கெட்ல போட்டிருக்கான்" என்றாள்.

நான் விற்கும் மசாலாத் தூளின் பக்குவம் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு நான் ஒருவனே கலக்குவேன். யாராவது பக்குவத்தைத் திருடினால் மாட்டட்டும் என்றுதான் போன வாரம் சீனர் மருந்துக்கடையில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாங்கிப் பொடித்துச் சேர்த்தேன். பரிதாவுக்குக்கூடத் தெரியாது. அந்த வாசமும் இதில் அடிக்கிறது.

மாட்டிக்கொண்டான் என்று லாயருக்குப் போன் போட்டேன். "பாக்கெட்ல தயாரிச்ச தேதி பாருங்கண்ணே" என்றார்.

மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. நான் தோல் சேர்த்ததோ போன வாரம்தான்.

"அப்ப அவன்தான் உங்க மேல கேஸ் போடணும் லா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரஞ்சுத் தோல் என் சொந்த யோசனை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.