டைப்ரைட்டர் விலைக்குக் கம்ப்யூட்டர்

12-8-1988, வெள்ளி

அக்கா மகள் செல்விக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட நாளை கடைசி நாள். அதற்காக, ஈரேழு பதினான்கு லோகமும் காணாத என் கம்ப்யூட்டரை விற்கத் துணிந்தேன். பத்தாயிரத்துக்கு வாங்கியதற்கு ஐயாயிரம் கேட்பதுதான் நியாயம்.

வந்தவர் தல்லாகுளத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஞானராஜ். ஆணி அடிப்பதுபோல் கீபோர்டை அடித்துவிட்டு, பின்னால் குனிந்து காகிதம் தேடினார்.

"எம்புட்டு அடிச்சும் ஒரு தாள் வரலையேண்ணே! பழைய டைப்ரைட்டர் விலை தாரேன். எண்ணூறு."

"யோவ், ஏரோப்ளேனைக் கொண்டாந்து நிறுத்துனாலும் நீ கட்டைவண்டி விலைதான்யா சொல்லுவ!"

"அப்ப வாரேண்ணே."

வாசல்வரை போகவிட்டேன். ஃபீஸ் எழுநூற்றைம்பது. கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த மகாமூடன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது, கயிறு நழுவாமல் முடிச்சை அழுத்திப் பிடித்தது என் விரல்தான்.